வாழைக்குப் போன குளிசை

காலை ஒன்பது மணிக்குக் கையில் போத்தலோடு சுவரோரம் ஒதுங்கி நிற்கிற மனிதனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? அமிர்தநாயகத்தார் அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னும் முடியேல்லையோ?" என்று பின்னால் வந்து நின்றாள் மனைவி பெற்றிசியா.

"மெல்லக் கதை. மிஸ்ஸிக்குக் கேக்கப்போகுது."

நினைப்பதுபோல அது சாராயப் போத்தல் இல்லை. விரல் நீளத்தில், மூடி போட்ட, வெறும் பிளாஸ்ரிக் போத்தல். காசநோய்க் கிளினிக்கில் இருக்கும் தாதி சிவதர்சினி மிஸ்ஸி ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் சிறுநீர் எடுத்துவரச் சொல்லி அதை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

"குளிசை ஒழுங்காப் போடுறாக்களுக்குச் சலம் செம்மஞ்சளாப் போகும், ஐயா. போடாட்டில் அந்த நிறம் வராது. இதுக்குள்ள கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ, பாப்பம்."

அதோடு மனிதர் பொறியில் அகப்பட்ட எலியாகிவிட்டார். மாதாமாதம் அரிப்புக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவருடைய குளிசையை எடுத்துப் போகிறவள் பெற்றிசியாதான். அவர் கடலே கதியென்று கிடப்பார். இந்த முறை ஆளையே கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் அவர் ஒரு நாள் தவறாமல் விழுங்கியது உண்மை. இருமல் நின்றது, உடம்பும் தேறியது. நோய் போன பிறகு மருந்து எதற்கு என்று அவருக்கு ஒரு நியாயம் பிறந்தது. குளிசையோடு சாராயம் கூடாது என்று சொல்லியிருந்தது அதைவிடப் பெரிய நியாயம். அன்றிலிருந்து பெற்றிசியா தருகிற குளிசையை வாய்க்குள் அதக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வாழையில் துப்பி வந்தார். அந்த வாழைக்கு இனிக் காசநோய் வராது.

பாவம், பெற்றிசியாவுக்கு இது தெரியாது. வெறும் வயிற்றில் குளிசை போட்டுவிட்டு அவர் ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க, அவளும் தேத்தண்ணியைத் தொடாமல் கூடவே இருப்பாள். தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது, அவள் விடவில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி என்றாள். இன்றைக்கும் தேத்தண்ணியைப் பிளாஸ்கில் ஊற்றித்தான் கொண்டு வந்திருந்தாள்.

இனி ஒளிக்க வழியில்லை. கிளினிக்கின் பின்பக்கக் கக்கூஸ் வாசலில் வைத்து அவர் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார்.

"ரெண்டு மாசமாவோ?"

"எனக்குத்தான் சுகமாப் போச்சே."

"மிஸ்ஸியிட்ட உண்மையைச் சொல்லுங்கோ. அவ என்ன கொல்லவே போறா?"

"சொன்னால் ஆஸ்பத்திரி வாட்டில போட்டிருவினம். சளியைப் பாக்கிறம், முதல்ல இருந்து தொடங்கிறம் எண்டு மாசக்கணக்கில இழுப்பினம். இப்பதான் கடல் தருது. இந்தச் சீசனை விட்டிட்டு நான் எங்க போறது?"

"அரைவாசியில விட்டால் திரும்ப வருமாம். பிறகு இந்தக் குளிசைக்கும் கேக்காதாம். வீட்டில இருக்கிறாக்களுக்கும் தொத்துமாம்."

"ஆருக்குத் தொத்தினது? நீ கல்லுக்குண்டு மாதிரித்தானே நிக்கிறாய்!"

பெற்றிசியா கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அமிர்தநாயகம் ஐயா! முடிஞ்சுதோ?" உள்ளேயிருந்து சிவதர்சினி கூப்பிட்டாள்.

நழுவிப் போகலாமென்றால் கிளினிக்குக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்கு நேரேதான் மிஸ்ஸியின் மேசை. புயலிலும் பதறாத மனிதர், அந்த விரல் நீளப் போத்தலுக்குப் பதறினார்.

"ஏதாவது ஒரு வழி செய், பெற்றிசியா. உன்ர காலில விழுறன்."

அவள் கையை நீட்டினாள்.

"தாங்கோ போத்தலை."

பையையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். அமிர்தநாயகத்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேயிலைச் சாயம் கொஞ்சம், பைப் தண்ணீர் கொஞ்சம். எந்த மிஸ்ஸிக்குத் தெரியப்போகிறது? முப்பது வருடமாக இவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டார்.

அவள் வெளியே வந்து போத்தலை அவர் கையில் வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல செம்மஞ்சள். அவர் ஒழுங்காக விழுங்கிய நாட்களில் போன அதே நிறம்.

"அந்த மாதிரிக் கிடக்கு!" என்று சிரித்தார். "என்னத்தையடி கலந்தனீ?"

பெற்றிசியா கையைக் கழுவித் துடைத்தபடி சொன்னாள்:

"ஒண்டும் கலக்கேல்லை, அது என்ரதான்."