ஆறாவது கதவு

கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு அவர் கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் நிலைத் துளைக்குள் உட்கார்ந்தது.

டக்.

ஆறு அறை, ஆறு கதவு. ஒன்றும் இழுத்துப் பிடிக்கவில்லை. அவருக்கே திருப்தியாக இருந்தது.

"மாசானம் அண்ணாச்சி," என்று அறைக்குள்ளிருந்து ரெஜினாவின் குரல் வந்தது. "நான் உள்ள இருக்கேன். இங்க தாழ்ப்பாளே இல்லையே?"

அப்போதுதான் அவர் கவனித்தார்.

ஆறையும் வெளிப்பக்கம் மாட்டியிருந்தார்.

கையைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிமூன்று வருஷம் அவர் பார்த்த தாழ்ப்பாளெல்லாம் வெளியே இருந்ததுதான். தச்சு வேலை கற்றதே சிறை மதிலுக்குள்தான். விடுதலையாகி இரண்டு வருஷமாக ஒரு மரக்கடையில் வேலை, அங்கேயே படுக்கை. முதலாளி சாயங்காலம் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிக்கொண்டு போவார். அந்தச் சத்தம் காதில் விழுந்தபிறகுதான் மாசானத்துக்குக் கண் அசரும்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா இது?

கதவைத் திறந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரெஜினா வக்கீல். அவளுடைய கட்சிக்காரர் ஒருவர் விடுதலையான மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் செத்துக் கிடந்தார். போக்கிடம் இல்லாமல் போனதுதான் காரணம். அன்றிலிருந்து அலைந்து, சிறைக்கு இரண்டு தெரு தள்ளி இந்த வீட்டைப் பிடித்தாள். வெளியே வருகிறவர்கள் ஒரு வழி பிறக்கும்வரை இங்கே இருந்துகொள்ளலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாசானத்துக்கு. ஆறாவது அறையும் அவருக்குத்தான்.

நாளைக் காலை முதல் ஆள் வருகிறான்.

அதற்குள் தெருச் சங்கம் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"இந்தா, இப்பவே கழட்டிருதேன்," என்று மாசானம் திருப்புளியை எடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். சங்கச் செயலாளர் கோமதிநாயகம்.

மாட்டேன் என்று சொல்வதற்காகவே முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனுஷன். ஒவ்வொரு கதவாகப் போனார். ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தள்ளிப் பார்த்தார்.

"வெளியதான் போட்டிருக்கு, என்ன?"

"வெளியதான்," என்றார் மாசானம். வேறென்ன சொல்வார்?

"வயித்துல பால வார்த்தீரு, போம்."

இரண்டு மாசமாக மசியாதவர், ரெஜினா நீட்டிய கடிதத்தைச் சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் போனபிறகும் ரெஜினா கடிதத்தோடு அப்படியே நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கழட்டுனா நாளைக்கே வந்து நிப்பாரு. கழட்டலைன்னா இது இன்னொரு ஜெயிலு, அண்ணாச்சி."

மாசானம் கடைவீதிக்குப் போய் ஆறு தாழ்ப்பாளும் இரும்பு அறுக்க ஒரு ஆக்சா பிளேடும் வாங்கி வந்தார்.

புதியவற்றை உள்பக்கம் மாட்டினார். வெளியே இருந்ததை இருந்த இடத்திலேயே விட்டு, கம்பியின் நுனியில் மட்டும் ஓர் அங்குலம் அறுத்தார். தள்ளினால் நகரும். பார்க்கிறவர்களுக்குப் பூட்டிய மாதிரியே இருக்கும். ஆனால் நுனி நிலைத் துளையைத் தொடாது.

ஐந்து கதவு ஆயிற்று. ஆறாவதுக்கு வந்தபோது பிளேடு மழுங்கிவிட்டது.

மழுங்கிவிட்டது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை பேச்சிமுத்து வந்தான். ஒன்பது வருஷம் உள்ளே இருந்தவன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முதல் அறை வாசலில், வெளித் தாழ்ப்பாளைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது.

மாசானம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார். பிறகு ஒரே விரலால் கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது.

பேச்சிமுத்து தானும் தள்ளிப் பார்த்தான். இன்னொரு தரம். அப்புறம் அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. ஒவ்வொன்றும் ஏமாற்ற ஏமாற்ற அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆறாவது கதவு.

டக்.

திறக்கவில்லை. சிரிப்பு நின்றது.

"இது யாருக்குண்ணே?"

"எனக்கு."

மாசானம் திரும்பிப் பார்த்தார். ரெஜினா முன்னறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இதைப் போட்டுட்டுப் போறியா? காலைல திறந்தாப் போதும்."

ஏன் என்று பேச்சிமுத்து கேட்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

ஆறு மணிக்கு மாசானம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தொடவில்லை. கட்டில் புதிது. அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

தாழ்ப்பாளின் மேல் கை படுவது கேட்டது. கம்பி கொஞ்சம் அசைந்தது. பிறகு அசையவில்லை.

டக் என்ற சத்தம் வரவேயில்லை.

அப்புறம் வெளியே, கதவை ஒட்டி, பேச்சிமுத்து பாயை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது.