நாலாவது புகார்

"என்னப்பா விரேமு, குளிருக்குக் கவுன்சிலே போர்வைக்குள்ள போயிடுச்சா? பக்கத்து வீட்டுப் புகைபோக்கி விடியறதுக்கு முன்னாடியிருந்து கக்கிக்கிட்டு இருக்கு. எழுதிக்கோ. இது நாலாவது!"

விரேமு பதில் சொல்வதற்குள் நோலீன் போனை வைத்துவிட்டார்.

"உன் சிநேகிதியா?" என்று சிரித்தாள் எதிர் மேசை ஷெரில். "நல்ல வேளை, நான் அவங்க பக்கத்து வீட்ல குடியிருக்கல."

விரேமு பெருமூச்சு விட்டபடி ஜீப் சாவியை எடுத்தான். வட்டாரக் கவுன்சிலில் அவன் காற்றுப் பிரிவு. ஜூலை மாதம், அதாவது அங்கே நடுக்குளிர்காலத்தில், தெற்குத் தீவு உறையும்போது, யார் வீட்டு அடுப்பு எவ்வளவு புகைகிறது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஊரில் ஒருவரும் அவனைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில்லை.

புகார் வந்த வீட்டில் ரெக்ஸ் கதவைத் திறந்தார். எண்பதை நெருங்கிய தனிக்கட்டை. மூன்று ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கம்பளிக் குல்லா.

"வாப்பா. அந்த ராட்சசி மறுபடியும் வத்தி வச்சுட்டாளா?"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

விரேமு அடுப்புப் பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையைப் பிளந்து, ஈரம் பார்க்கும் கருவியைக் குத்தினான். நாற்பத்து மூன்று சதவீதம்.

"இருபத்தஞ்சுக்கு மேல போனா எரிக்கவே கூடாது, ரெக்ஸ். இது விறகு இல்ல, தண்ணி."

"உங்க ஆளுங்க வெட்டிப் போட்ட மரம்தானே! ஆத்தங்கரையில குவிச்சு வச்சு, 'இலவசம், எடுத்துக்கோங்க'ன்னு பலகை வச்சதும் கவுன்சில். எரிச்சா பிடிக்க வர்றதும் கவுன்சில். நல்ல நியாயம்யா!"

அந்த மரங்களை வெட்டியது கவுன்சிலின் ஆற்றுப் பிரிவு. விரேமுவின் அறைக்கு எதிர் அறைதான். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் விருந்தில்.

"ரெண்டு வருஷம் காயவச்சு எரிக்கணும்னு அந்தப் பலகையில கீழே போட்டிருக்கே."

"ரெண்டு வருஷமா? அது காயறதுக்குள்ள நான் காய்ஞ்சிடுவேன்."

அவரே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"காய்ஞ்ச விறகு யார்கிட்டயாவது கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"கேக்கறதா?" ரெக்ஸின் முகம் மாறிவிட்டது. "போன வருஷம் நோலீன் கேக்காமலே ஒரு டிரெய்லர் நிறைய காய்ஞ்ச பைன் மரக் கட்டை கொண்டுவந்து இறக்கினா. அத்தனையையும் அவ வாசல்லயே திருப்பிக் கொட்டிட்டேன். நாப்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிச்சு சொந்தக் கால்ல நின்னவன் நான். என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். அந்தக் கடுப்புலதான் இப்போ பழிவாங்கறா!"

அப்படியும் இருக்கும் என்றுதான் விரேமுவுக்கும் தோன்றியது. இவ்வளவு அற்பமான மனசா என்று கோபம் கூட வந்தது.

"சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரே குளிர்காலத்துல நாலு புகார் ஆயிடுச்சு. விறகும் ஈரம். விதிப்படி இந்த அடுப்பை எடுத்தாகணும். பதிலுக்குச் சுவர்ல மாட்டற ஹீட்டர் ஒண்ணு, கவுன்சிலே மாட்டிக் கொடுக்கும்."

"தர்மமா?"

"இல்ல, உத்தரவு. மறுத்தா அபராதம்."

ரெக்ஸ் கையை நீட்டினார்.

"உத்தரவுன்னா வேற. ஆயுசுல ஒரு சட்டத்தை மீறினதில்ல. பேனாவைக் கொடு."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு விரேமு நேரே வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனான். நோலீன் கொல்லையில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. திங்கக்கிழமை ஹீட்டர் மாட்டிடுவோம்."

"திங்கக்கிழமையா? இன்னும் நாலு நாள் இருக்கே! நாளைக்கே மாட்ட முடியாதா?"

"நாலு நாள் பொறுக்க முடியாதா உங்களால? வயசான மனுஷன், தனியா கிடக்கறார். கொஞ்சம் இரக்கம்..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே ஆடிய விரிப்பில் சோப்பு வாசனைதான் அடித்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை. நிமிர்ந்து பார்த்தான். ரெக்ஸ் வீட்டுப் புகை மொத்தமும் மலைக்காற்றோடு ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நோலீன் வீடு மலைப் பக்கம். இந்தக் குளிரிலும் சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

ஜன்னல் வழியாக ஃபிரிட்ஜ் தெரிந்தது. அதன் கதவில், முதல் புகாருக்குக் கவுன்சில் அனுப்பிய பதில் கடிதம். 'நான்கு புகார்கள் பதிவானால் கவுன்சிலே மாற்று ஏற்பாடு செய்யும்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"நோலீன்... இந்தப் பக்கம் புகையே வரலையே?"

அவர் திரும்பிப் பார்க்காமல் கிளிப்பை மாட்டினார்.

"அவன்கிட்ட உளறிடாதே. தெரிஞ்சா ஹீட்டரைப் பிடுங்கி என் வாசல்ல வச்சுடுவான். ராட்சசியாவே இருந்துட்டுப் போறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ரெக்ஸ் இருமத் தொடங்கினார். நீண்ட இருமல். அது ஓயும்வரை நோலீன் கையில் கிளிப்போடு அசையாமல் நின்றார்.

"புகை என்னைக்கும் வந்ததில்லப்பா. இதுதான் வருது."