வலது கை

ஆடிப்பெருக்குக் காலை. அம்மா மண்டபப் படித்துறையின் ஈரக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கேமராவோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். மணப்பாறையிலிருந்து வந்திருக்கும் பொன்னுத்தாய், வாழையிலையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டுகிறார். முடிச்சு விழும் நொடியில் யாரோ முங்கி எழ, லென்ஸெல்லாம் தண்ணீர். "அம்மா, இன்னொரு தடவை கட்டுங்களேன், படம் விழல." "கட்டுனத அவுக்கக் கூடாதுங்க தம்பி," என்கிறார், சிரிக்காமல். சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கும்போது என் மணிக்கட்டைப் பார்த்துவிடுகிறார். "என்ன வெறுங்கையா இருக்கீங்க? வீட்டுல யாரும் கட்டலியா?" கட்டிவிட அக்கா இருந்தாள், இதே படியில். அவள் இறந்து ஒன்பது ஆடி போய்விட்டது. "வலது கைய நீட்டுங்க." படமெடுக்கும் கை அது. நீட்டுகிறேன், இடது கையில் கேமரா கனக்கிறது. ஈரக் கயிறு சில்லென்று மணிக்கட்டில் இறுகுகிறது. மூன்று முடிச்சு போட்டு, மிச்ச நுனியைக் குனிந்து பல்லால் கடித்து அறுக்கிறார். அக்காவும் இப்படித்தான் கடிப்பாள். எத்தனையோ பெருக்கு, எத்தனையோ பேர் கயிறு கட்டுவதைப் படமெடுத்திருக்கிறேன். அக்கா கட்டும் படம் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அப்போதெல்லாம் இந்தக் கை அவளிடம் இருந்தது.