உதட்டசைவு

அந்த அம்மாவின் உதடு மறுபடி அசைந்தது. மேடையில் மகன் மைக் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, கீழே முன்வரிசையில் இவள் வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது.

பக்கத்து நாற்காலியில் இருந்த டைல்ஸ் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிகளுக்கு இடையிலான ஆங்கில ஸ்பெல்லிங் போட்டியின் கடைசிச் சுற்று அது. நாற்பது பிள்ளைகளில் மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று அவருடைய மகள். இன்னொன்று, போயும் போயும், அவர் கடைக்கு எதிரே பேன்ட்டுக்கு ஜிப் மாற்றித் தருகிற தையல்காரியின் பையன்.

"பாத்தியா, மகனுக்கு எடுத்துக் குடுக்கறா," என்று இந்தப் பக்கம் இருந்த மனைவியிடம் பல்லைக் கடித்தார். "ஏபிசிடியே தகராறு. பையன் கப்பு வாங்கணும்னு நெட்டுருப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கா."

"ஏதோ முணுமுணுக்கறாங்க. உங்களுக்கு என்னங்க? சும்மா இருங்களேன்."

சும்மா இருப்பதாவது. அந்தக் கப்புக்காகவே கடையில் அவர் நாற்காலிக்கு மேலே கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்கும் போட்டு வைத்திருந்தார். குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "அடுத்த வாரம் வாங்க, எம் பொண்ணோட கப்பு அங்க இருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மகளுக்கு மூன்று அகராதி, இரண்டு டியூஷன். வீட்டில் டிவி பார்த்து ஆறு மாதம் ஆகிறது. இனிமேல் அந்த அலமாரி காலியாக நின்றால் கடைத்தெருவில் தலை காட்ட முடியாது.

பையன் சொல்லி முடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சொன்னான். முதல் சுற்றிலிருந்தே அப்படித்தான்.

"நடிப்பப் பாரு. பெரிய ஞானின்னு நெனப்பு," என்றார் கடைக்காரர்.

அடுத்து மகள் வந்தாள். நடுவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அக்கமடேஷன்" என்றார்.

மகள் வாயைத் திறப்பதற்கு முன் முன்வரிசையைப் பார்த்தாள். கடைக்காரர் குளிர்ந்துபோனார். "ஒவ்வொரு தடவையும் என்னத்தான் தேடறா. அப்பா மூஞ்சியப் பாத்தாத்தான் அவளுக்குத் தைரியம்." அதற்குப் பிறகு அவர் கண் மேடையை விட்டு அகலவில்லை. மகள் நிறுத்தி நிறுத்தி, இரண்டு சி, இரண்டு எம் எதையும் விடாமல் சொல்லி முடித்தாள். அரங்கமே கைதட்டி ஓய்ந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

பையன் மறுபடி மைக்குக்கு வந்தான். தையல்காரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அவ்வளவுதான், கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"மேடம், ஒரு நிமிஷம். இங்க ஒரு அம்மா வாயால மகனுக்குப் படம் காட்டிட்டு இருக்காங்க. இது போட்டியா, இல்ல கண்கட்டு வித்தையா?"

எல்லாத் தலையும் திரும்பியது. தையல்காரி பதறிப்போய் எழுந்தாள். அவள் ரவிக்கைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ஐயோ, இல்லைங்க. மிஷின் பக்கத்துலயே உக்காந்து நாள் பூரா சத்தமாச் சொல்லிட்டே இருப்பான். கேட்டுக் கேட்டு, எந்த வார்த்தை காதுல விழுந்தாலும் என் வாயும் தானா ஓடுது. வேணும்னு பண்ணலைங்க."

"கேட்டே கத்துக்கிட்டாங்களாம். அப்ப டியூஷன் வச்சவன் எல்லாம் கிறுக்கனா?" கடைக்காரர் அரங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஜிப்பு தைக்கற மூஞ்சிக்கு இங்கிலீஷ் ஒண்ணுதான் கொறச்சல்."

இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

"யார் மேலயும் நான் குத்தம் சொல்லல. ஆனா சந்தேகம்னு வந்தாச்சு. இந்தச் சுத்து முடியற வரைக்கும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா?"

தையல்காரி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. பையன் அம்மா போன வழியையே பார்த்து நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட வார்த்தையைச் சொன்னான். சரியாகவே சொன்னான்.

"ஏதோ அதிர்ஷ்டம். அடுத்ததுல கவுந்துருவான் பாரு," என்று கடைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்தார்.

மகள் வந்தாள். "லெஃப்டினன்ட்" என்றார் நடுவர்.

மகள் வழக்கம்போல முன்வரிசையைப் பார்த்தாள். கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எல்..." என்றாள். விழித்தாள். "எல்... இ... எஃப்..."

தப்பு என்று மணி அடித்தது.

அதே வார்த்தை பையனுக்குப் போனது. அவன் கண்ணை மூடினான், சொன்னான். அடுத்த வார்த்தையையும் சொன்னான். கப்பை எடுத்துக்கொண்டு நேரே கதவைத் திறந்து வெளியே ஓடினான்.

வண்டி நிறுத்துமிடத்தில் கடைக்காரர் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில கேட்டப்ப எல்லாம் தெரியும்னியே. மூணு டிக்‌ஷனரியும் எதுக்கு, தலைக்கு வச்சுப் படுக்கவா? அந்த ஜிப்புக்காரிய வெளிய தள்ளி உனக்கு வழிய வேற சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அப்பவும் ஒரு வார்த்தை வரலியா உனக்கு?"

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதல்முறையாக அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்கள ஏம்ப்பா அனுப்புனீங்க? அவங்க வாயப் பாத்துதானே நான் சொல்லிட்டு இருந்தேன்."