த்ரூவே என்றால்?

"உங்க குடும்பப் பேருக்கு அர்த்தம் தெரியுமா, சம்பந்தியம்மா?"

பெண்ணின் அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார். அவர் கேட்டதும், மாப்பிள்ளையின் அம்மா காபியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேர்ல என்னங்க இருக்கு? காபி ஆறுது, குடிங்க."

அவர் விடுவதாயில்லை. "த்ரூவேன்னா கண்டெடுத்த பிள்ளைன்னு அர்த்தம். வாசல்ல போட்டுட்டுப் போன குழந்தைங்களுக்கு பிரெஞ்சுக்காரங்க வச்ச பேரு. உங்க வீட்டுக்காரரோட முப்பாட்டன் யாரோ அப்படி வந்திருக்கணும்."

அவள் கோப்பையிலிருந்த காபி புடவையில் சிந்தியது. மகன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

வாத்தியார் பதறிப்போனார். "ஐயோ, அது என்னைக்கோ நடந்த கதைங்க! இதுக்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்துவோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிந்திய காபியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகன் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவள் காதோரம் குனிந்தான்.

"பயப்படாதீங்கம்மா. என்னை யாரு கண்டெடுத்தாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்."