வீடு வரைக்கும் பேட்டரி

“டிஸ்சார்ஜ் பண்ற நேரத்துல எங்கேண்ணா போய்த் தொலைஞ்சே?”

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி, நடுவில் அப்பாவைச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் கண்ணாடியில் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

“மருந்துக்கு ஓடினது நான். கையெழுத்துப் போட்டது நான். வீல்சேருக்கு அலைஞ்சது நான். காலையில காரை எடுத்துக்கிட்டுப் போனவன் மத்தியானம்தான் தலையைக் காட்டுறே.”

“கொஞ்சம் வேலை இருந்துச்சு.”

“இன்னிக்குமா?”

அப்பாவுக்கு முதுகெலும்பு வரை நோய் பரவிவிட்டது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும். அட்மிட் செய்த சேதி கேட்டதும் தங்கை வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்தவள்தான்; அன்றிலிருந்து அப்பா பக்கத்திலேயே கிடந்தாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், மகன் காரிலேயே போகிறேன் என்று சொன்னது அப்பாதான்.

பெட்ரோலிலும், வீட்டில் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார் அது. ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கிற பெரிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து அண்ணனுக்கு மைலேஜைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வண்டி மேடேற எஞ்சின் வேண்டுமே என்று, தங்கையின் மாமியாரையே மேட்டின் அடியில் இறக்கி நடக்க விட்டவன். அவன் முதுகுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ‘சொட்டு’.

மெயின் ரோட்டில் கார் ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முந்திக்கொண்டு போனார். மேம்பாலத்தில் ஏறும்போது அந்த வேகம் கூட இல்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“நடந்து போனாலே சீக்கிரம் போயிடலாம் சார்!” என்று ஒரு பஸ் டிரைவர் கத்திவிட்டுப் போனார்.

அண்ணன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டானே தவிர வேகம் கூட்டவில்லை.

“கொஞ்சம் அழுத்தித்தான் ஓட்டேண்ணா.”

“அழுத்தினா எஞ்சின் ஆன் ஆயிடும்.”

“ஆகட்டுமே!”

“வேணாம். வீடு வரைக்கும் பேட்டரியிலேயே போயிடலாம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி அப்பாவின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“ஏசியாவது போடு.”

“போட்டா பேட்டரி பத்தாது.” ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டான்.

“பெத்த அப்பாவைக் கூட்டிட்டுப் போறப்போ கூடவா பெட்ரோல் கணக்கு? இதுக்கு மேல அவர் இந்தக் கார்ல எத்தனை தடவை ஏறப் போறாரு?”

சொன்ன பிறகுதான், அப்பாவுக்குக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, தூங்குவது போல இருக்கிறாரா, தெரியவில்லை.

அண்ணன் ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா இருக்கும் வரைதான் அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பது, அதற்குப் பிறகு இவன் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டில் அப்பாவைப் பத்திரமாகக் கட்டிலில் சேர்த்தார்கள். அண்ணன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்து ஒன்று பாக்கி இருந்தது. அதை வாங்க அண்ணியிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தங்கை கிளம்பினாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“பெட்ரோல் போடக் கூட மனசு வரலையா அண்ணி இவனுக்கு? சிவப்பு லைட் எரியுது! டேங்க் காலி. அதனாலதான் பேட்டரியிலேயே உருட்டிக்கிட்டு வந்திருக்கான்.”

அடுப்படியில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

“நேத்து சாயங்காலம்தானே போட்டோம்? நானும் கூடப் போயிருந்தேனே.”

“அப்ப அது எங்கே போச்சு? வர்ற வழியில எஞ்சின் ஒரு நிமிஷம் கூட ஓடலையே?”

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு, அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வீட்டுல ஏத்தின சார்ஜ் இங்கிருந்து அங்கே போறதுக்கே சரியாப் போச்சு. ஆஸ்பத்திரியில சார்ஜ் போடுற இடம் ரிப்பேராம். அதான் காலையிலேர்ந்து பைபாஸ்ல சுத்திச் சுத்தி, எஞ்சினை ஓட்டியே பேட்டரியை ஏத்தியிருக்காரு.”

தங்கைக்குப் புரியவில்லை.

“பெட்ரோலை எரிச்சு பேட்டரியை நிரப்பறதுல என்ன மிச்சம் அண்ணி?”

“மிச்சம் ஏது? நஷ்டம்தான்.” அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அட்மிட் பண்ணப் போனப்போ, எஞ்சின் ஆன் ஆகி வண்டி அதிர்ற ஒவ்வொரு தடவையும் மாமா சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உதட்டைக் கடிச்சாராம். கேட்டா, ‘வலியெல்லாம் இல்ல, நீ ஓட்டு’ன்னாராம். மாமா வலியை மறைச்சது மகனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மாமாவுக்குத் தெரிய வேணாமாம். அதான், மாமா காதுபட உன் அண்ணன் உன்கிட்டக்கூட காரணம் சொல்லியிருக்க மாட்டாரு.”