கடலில் ஒரு மணி நேரம்

இருநூறு மணி நேரம் டிவியில் இயற்கைப் பாடம் பார்த்து முடித்தவர்களுக்குத்தான் கடற்கரையில் ஒரு மணி நேரம் அனுமதி. வேதவல்லிக்கு அதை முடிக்க ஐந்து மாதம் ஆனது. பகலெல்லாம் தையல் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் கண் சொருகும். கண்ணை மூடினால் டிவிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பவளப்பாறையை எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னக்கா, ஆமை இன்னும் கரைக்கு வந்து சேரலையா?" என்று பக்கத்து வீட்டு ஜெரினா சிரிப்பாள். "அப்படி என்னதான் இருக்கு அந்தக் கடல்ல? பேசாம ஒரு படம் வாங்கி சுவத்துல மாட்டுங்க."

"போயே ஆகணும், ஜெரினா." அதற்கு மேல் வேதவல்லி சொல்லமாட்டாள்.

கடைசிப் பாடம் முடிந்த மறுநாள், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி கடற்கரை வாசலில் நின்றாள். காவலுக்கு இருந்த இளைஞன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"கடல்ல நாம எதையெல்லாம் போடலாம்மா?"

எல்லாப் பாடமும் அந்தப் பதிலில்தான் முடியும்.

"எதையுமே போடக்கூடாது."

"கரெக்ட்டும்மா, போங்க." கதவைத் திறந்துவிட்டுப் பையைப் பார்த்தான். "அதுல என்ன, மாத்துத் துணியா?"

ஆமாம் என்றால் போதும். அலைச் சத்தம் கேட்டது. பொய் சொல்லக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரோட அஸ்தி."